கவனத்தில் கொள்ளப்பட்டது

இன்னும் கூப்பிடவில்லை. பத்தரைக்கு இருக்க வேண்டும் என்று வக்கீல் உமாபதி சொல்லியிருந்தார், நான் பத்துக்கே வந்துவிட்டேன், முப்பத்துநாலு வருஷம் முதல் மணிக்கு முன்னால் வகுப்பறை வாசலில் போய் நின்ற உடம்பு, ஓய்வு பெற்றுப் பத்து வருஷமாகியும் திருந்தவில்லை. இப்போது பதினொன்று இருபது. கோர்ட் வராந்தா பெஞ்சில் பாதி வெயில், பாதி நிழல். நிழலில் செல்லக்கனி இருக்கிறாள். வழக்கு அவளுடையது, செத்துப்போனது அவள் புருஷன், ஆனாலும் என்னை நிழலுக்கு வரச்சொல்லி நாலு தடவை கேட்டுவிட்டாள். “சார், இங்கன வந்து இரிங்க, எனக்கு வெயிலு பழக்கம்தான்.” பரவாயில்லை என்றேன். நிழலுக்கு நகர்ந்தால் அவள் பக்கத்தில் நகர வேண்டும், பக்கத்தில் போனால் அவள் கை தெரியும், அந்தக் கையை நான் பார்க்க விரும்பவில்லை. மடியில் ஒரு துணிப்பைக்கு மேல் இரண்டு கையையும் போட்டு வைத்திருக்கிறாள், பீடி சுற்றுகிற கை, விரல் நுனியெல்லாம் தேய்ந்து வழவழவென்று இருக்கும், பார்க்காமலே தெரியும். நான் நிபுணர். சம்மனில் அப்படித்தான் இருக்கிறது, மருத்துவ அறநெறி நிபுணர், பேராசிரியர் சா. ஞானசிகாமணி. காலையில் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தபோது ரோஸ்லின் சொன்னாள், “மூணு நாள் ஐஸ்ல கிடந்த மீனை இப்பப் பிடிச்சதுன்னு வாங்கிட்டு வாற மனுசன், நல்லது கெட்டது சொல்லக் கோர்ட்டுக்குப் போறாராம்.” நான் சிரித்தேன். முப்பத்தொன்பது வருஷம் கூடவே இருந்தவளுக்கும் தெரியாதது ஒன்று உண்டு. ரோஸ்லின் கேட்டதைத்தான் போன வாய்தாவில் எதிர்த்தரப்பு வக்கீலும் கேட்டாராம். எலும்பு முறிவுக்கு நிபுணர் உண்டு, கையெழுத்துக்கு நிபுணர் உண்டு, துப்பாக்கிக் குண்டுக்கும் உண்டு, நல்லது கெட்டதுக்கு நிபுணர் யார், அதைச் சொல்லத்தானே அம்மா நீங்கள் அங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று நீதிபதியம்மாவைப் பார்த்துக் கைகூப்பினாராம், எல்லாரும் சிரித்தார்களாம். உமாபதி எழுந்து புதுச் சாட்சியச் சட்டத்தில் நிபுணர் யார் யார் என்கிற இடத்தில் ‘வேறு எந்தத் துறையும்’ என்று சேர்த்திருப்பதைப் படித்துக் காட்டினாராம். சரி, வரட்டும், கேட்போம், அதற்கு எவ்வளவு மதிப்பு என்பதை அப்புறம் பார்ப்போம் என்றாராம் அம்மா. அந்த ‘வேறு எந்தத் துறையும்’ நான்தான், காலை பத்திலிருந்து வெயிலில் உட்கார்ந்திருக்கிறேன்.

செல்லக்கனிக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். முதல் நாள் உமாபதியின் அலுவலகத்தில் பார்த்தபோதே சொன்னாள். துரைப்பாண்டி அரிசி கோடவுனில் மூட்டை தூக்குகிறவன், காய்ச்சல், மூச்சுத் திணறல், ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள், அங்கே புது மருந்து ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள், அவனையும் அதில் சேர்த்துவிட்டார்கள். அவனுக்கு நினைவு இல்லாததால் கைநாட்டு வைத்தது இவள். “நல்ல மருந்து, வெளிநாட்டு மருந்து, இங்க வைங்கம்மான்னாவ. வச்சேன் சார்.” ஆறாம் நாள் இறந்துவிட்டான். அந்த ஆஸ்பத்திரி மேல்தான் இந்த வழக்கு. பதினாறாம் நாள் விசேஷத்தில், பந்தி நடந்துகொண்டிருக்கும்போது, கொழுந்தன் எல்லார் முன்னாலும் அந்தத் தாளின் நகலைத் தூக்கிக் காட்டியிருக்கிறான், இன்னா பாருங்க, எங்க அண்ணன சோதன எலியா வித்தவ இவதான், கைநாட்டு இருக்கு பாருங்க என்று. அன்றைக்கு இலையைப் பாதியில் விட்டு எழுந்த மகன் இன்றுவரை அவளோடு பேசவில்லை. திருப்பூரில் இருக்கிறான், நாலு வருஷமாகிறது. போன் எடுத்தாலும் இவள் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறான். “அந்தக் கைநாட்டு சம்மதம் இல்லன்னு கோர்ட்டுல எழுதிட்டாவன்னா போதும் சார். அந்தத் தாளை அவன்கிட்ட அனுப்பிருவேன். படிச்சவன், படிச்சுப் பாப்பான்.” வேறு ஒன்றும் அவள் கேட்கவில்லை. அதைச் சொல்லத்தான் நான் வந்திருக்கிறேன். பதினெட்டுப் பக்கத்தைப் படித்துக் காட்டாமல், கேள்வி கேட்க நேரம் கொடுக்காமல், பயந்து நிற்கிறவள் விரலைப் பிடித்து மையில் உருட்டி எடுத்த ரேகை எந்த நெறிப்படியும் சம்மதம் ஆகாது. சொல்வது சுலபம், அது உண்மையும்கூட. பிறகு ஏன் நாக்கு இப்படி ஒட்டிக்கொள்கிறது. “சார், தண்ணி குடிக்கியளா?” வேண்டாம்மா. வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் தாகமாக இருப்பது தெரிகிறது, இனிமேல் எப்படிக் கேட்பது.

கையில் என் பிரமாண வாக்குமூலத்தின் நகல் இருக்கிறது, பதினோரு பத்தி. முதல் விசாரணைக்குப் பதிலாக இப்படி எழுதிக் கொடுத்துவிட வேண்டுமாம், கூண்டில் ஏறியதும் இது உங்கள் கையெழுத்தா, இதில் உள்ளதெல்லாம் உண்மையா என்று கேட்பார்கள், ஆமாம் என்றதும் எதிர்த்தரப்பின் குறுக்கு விசாரணை. பத்து பத்திகளில் ஒரு தொந்தரவும் இல்லை. ஏழாவதில்தான் கண் போய்ப்போய் மாட்டுகிறது. ‘நான் ஒரு மருத்துவமனையின் அறநெறிக் குழுவில் பத்து ஆண்டுகள் உறுப்பினராக இருந்துள்ளேன். படித்துக் காட்டாமல் பெறப்பட்ட கைரேகை ஒன்றைக்கூட அக்காலத்தில் நான் ஏற்றதில்லை.’ எழுதியது உமாபதி. உங்க அனுபவத்துக்கு ஒரு கனம் வேணும் சார், வெறும் புத்தகம் படிச்சவர்னு தூக்கிப் போட்ருவாங்க என்றார். அவர் எழுதியதில் ‘கைரேகையை’ என்றுதான் இருந்தது. ‘ஒன்றைக்கூட’ என்று சேர்த்தது நான். பேனாவை வாங்கி, வரியை அடித்து, அழுத்தம் போதவில்லை என்று சொல்லிச் சேர்த்தேன். பரீட்சைத் தாள் திருத்துகிற சந்தோஷத்தோடு ஒரு பொய்யைத் திருத்தியிருக்கிறேன். அந்த நிமிஷம் ஞாபகம் வரவில்லையா என்றால், வந்தது, வந்ததால்தான் சேர்த்தேன் என்று தோன்றுகிறது, கதவைச் சாத்தினவன் தாழ்ப்பாளும் போட்டு ஒரு தடவை இழுத்தும் பார்த்த கதை. முந்தைய சாட்சிகளின் வாக்குமூலங்களைப் படித்துப் பாருங்கள் என்று உமாபதி கொடுத்திருந்தார், அதிலிருந்து ஒரு பழக்கம் தொற்றிக்கொண்டது. குறுக்கு விசாரணையில் கேட்பதையெல்லாம் அப்படியே திருப்பி எழுதுகிறார்கள், நான் அன்று பணியில் இருந்தேன் என்று சொன்னால் சரிதான், நான் பொய்யாகச் சாட்சி சொல்கிறேன் என்று சொன்னால் சரியல்ல. நேற்று குளிக்கும்போது, சாப்பிடும்போது, எல்லாம் அப்படியே ஓடியது. நான் அந்த அறை வாசலில் நின்றேன் என்று சொன்னால் சரிதான். நான் அதைப் பார்க்கவில்லை என்று சொன்னால் சரியல்ல. அதோ எதிர்த்தரப்பு வக்கீல் போகிறார், பின்னால் குமாஸ்தா சிவப்பு நாடா கட்டிய கட்டு ஒன்றைச் சுமந்துகொண்டு போகிறார், அவ்வளவு பெரிய கட்டில் என்ன இருக்கும், எங்கள் குழுவின் பழைய பதிவேடு இருக்குமா. அது வேறு ஆஸ்பத்திரி, வேறு மருந்து, வேறு வருஷம். அங்கே அந்தப் பதிவேட்டை இவர் ஏன் தேடப்போகிறார். தேடினாலும் அதில் என்ன இருக்கும், என் கையெழுத்துதானே இருக்கும். அதுதான் பயமாக இருக்கிறது.

மாதத்தில் மூன்றாவது சனிக்கிழமை எங்கள் அறநெறிக் குழுவின் கூட்டம். ஏழு பேர், டாக்டர்கள் நாலு, ஒரு வக்கீல், பொதுமக்கள் சார்பில் ஒரு மருந்துக்கடைக்காரர், தத்துவமோ சமூகவியலோ படித்த ஒருவர் வேண்டும் என்று விதி இருப்பதால் நான். டாக்டர்கள் ரத்தம், அளவு, பக்கவிளைவு என்று பேசுவார்கள், எனக்கு ஒப்புதல் படிவத்தின் தமிழைக் கொடுத்துவிடுவார்கள். அதில் எனக்குப் பெருமை. ‘பாதகமான எதிர்விளைவுகள் நேரிடக்கூடும்’ என்று இருப்பதை ‘இந்த மருந்தால் உங்களுக்குக் கெடுதல் வரலாம், உயிருக்கும் ஆபத்து வரலாம்’ என்று மாற்றுவேன், ஐந்தாம் வகுப்புப் படித்தவருக்கும் புரிய வேண்டும் என்று சண்டை போடுவேன். என் படிவங்களை வேறு ஊர் ஆஸ்பத்திரிகளும் மாதிரியாகக் கேட்டு வாங்கிப் போனார்கள். பதினோரு வருஷத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை, கூட்டம் முடிந்து சாப்பாட்டு அறைக்குப் போகிற வழியில், இரண்டாவது மாடியில், பாதி திறந்த கதவு. உள்ளே கட்டிலைச் சுற்றிப் பச்சைத் திரை. திரைக்கு இந்தப் பக்கம் ஒரு பெண், முதுகுதான் தெரிந்தது, வாடாமல்லிக் கலர் சேலை, ஈரத்தலையைக் கோடாலி முடிச்சுப் போட்டிருந்தாள். பரிசோதனைக்கான ஆட்களைச் சேர்க்கிற பெண் அவள் கட்டைவிரலைப் பிடித்து மைப்பெட்டியில் உருட்டித் தாளில் அழுத்தினாள், எடுத்துப் பார்த்தாள், திரும்ப அழுத்தினாள், மூன்றாம் தடவையும் அழுத்தினாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள். “பீடி சுத்துறவங்க சார், ரேகையே விழ மாட்டேங்குது.” தாள் என் தாள்தான், நான் திருத்திய படிவம், பதினெட்டுப் பக்கம். பதினேழும் கிளிப்புக்குள் மடிப்புக் கலையாமல் இருந்தன, கடைசிப் பக்கத்தை மட்டும் வெளியே மடக்கி வைத்திருந்தாள். படிச்சுக் காமிச்சீங்களா என்றேன். கேட்டேன், கேட்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. “எல்லாம் காமிச்சாச்சு சார்.” கிளிப் இருக்கிறது, பதினேழு பக்கமும் கடையில் வாங்கி வந்த தாளாக இருக்கிறது, அந்த விரல் இன்னும் அவள் பிடியில் இருக்கிறது, விரல் நடுங்குவது வாசலிலிருந்தே தெரிகிறது. நான் சரி என்று தலையாட்டிவிட்டு நடந்தேன். சீலா மீன் குழம்பு. இரண்டாவது தடவை சோறு வாங்கினேன். அதுவும் ஞாபகம் இருக்கிறது.

இரண்டு மாதம் கழித்து மேஜைமேல் ஒரு தாள் வந்தது. எண் பதினான்கு. பெண். வயது முப்பத்துநாலு. இறப்பு. மருந்துடன் தொடர்பில்லை என்று ஆய்வாளர் கருதுகிறார். பெயர் இருக்காது, பெயரை மறைப்பது அவர்கள் கௌரவத்தைக் காப்பதற்காக என்று வகுப்பில் நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். மற்ற ஆறு பேரும் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தார்கள், ஒரே வரி, ‘கவனத்தில் கொள்ளப்பட்டது’. இந்த மாதிரித் தாளில் எல்லாரும் அதைத்தான் எழுதுவோம். நானும் எழுதினேன். எழுதும்போதே அந்த நடுங்கின விரல் வந்துவிட்டது. அவளாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை, அந்த மருந்துக்கு நாற்பது பேரைச் சேர்த்தார்கள், நாற்பதில் ஒருத்தியை நான் பார்த்தேன், நாற்பதில் ஒருத்தி இறந்தாள், இரண்டும் ஒன்று என்பதற்கு என்ன ஆதாரம், தர்க்கம் சொல்லிக் கொடுத்தவன் நான், என்னிடம் இந்த வாதம் பலிக்காது. ஆனால் ரேஷன் கடை வரிசையில் கோடாலி முடிச்சைப் பார்த்தால் வரிசையை விட்டு வந்துவிடுகிறேன். தூத்துக்குடி பஸ்ஸில் முன் சீட்டில் வாடாமல்லிக் கலர் சேலை, நான் பாதி வழியில் இறங்கிவிட்டேன், ரோஸ்லினிடம் தலைசுற்றல் என்றேன். சர்ச்சில் திருவிருந்துக்கு மண்டியிடும்போது பக்கத்தில் நீளுகிற கைகளைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொள்கிறேன், பக்தி என்று நினைத்துக்கொள்கிறார்கள். அடுத்த வருஷம் உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடுத்துக் குழுவிலிருந்து விலகினேன், சால்வை போட்டு அனுப்பினார்கள். இறந்தவள் என் முன்னால் வந்து நிற்பாள், முகம் கிடையாது, முகத்தை நான் பார்க்கவில்லையே, முதுகோடு நிற்பாள். ஏதாவது கேட்டாலாவது பதில் சொல்லலாம், ஒன்றும் கேட்க மாட்டாள். இந்த வழக்குக்கு உமாபதி கூப்பிட்டபோது உடனே ஒத்துக்கொண்டது எதற்காக. செல்லக்கனிக்காக என்று அவரிடம் சொன்னேன். இவள் வழக்கைக் கொண்டு அவள் கணக்கைத் தீர்த்துவிடலாம் என்றுதான் வந்தேன் என்பது, இதோ, இந்த வெயிலில்தான் தெளிவாகிறது. இப்போது ஏழாம் பத்தியை உண்மை என்று சொன்னால் அவளை இரண்டாம் தடவை கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன். பொய் என்று சொன்னால் செல்லக்கனியின் தூண் சரிகிறது, சார், இந்தக் கேஸுக்கு நீங்கதான் தூண் என்று உமாபதி வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போய் அரை மணி நேரம்கூட ஆகவில்லை. செத்தவளுக்கு உண்மை எதற்கு, இருக்கிறவளுக்குத்தானே மகன் வேண்டும், பொய்யைச் சொல்லிவிட்டுப் போய்விடலாமே என்றும் தோன்றுகிறது, நியாயமாகவே தோன்றுகிறது. இதே கேள்வியை இருபது வருஷம் பரீட்சையில் கேட்டிருக்கிறேன், பத்து மதிப்பெண்.

ஞானசிகாமணி, ஞானசிகாமணி, ஞானசிகாமணி. டவாலி மூன்று தடவை கூவுகிறார், மூன்றாவதற்குள் எழுந்துவிட்டேன். “தைரியமா சொல்லுங்க சார்,” செல்லக்கனி. உள்ளே மின்விசிறி சத்தம், தட்டச்சுக்காரர் விரலைச் சொடுக்கிக்கொள்கிறார், கூண்டின் மரக்கட்டை ஆயிரம் கை பட்டு வழுவழுப்பாக இருக்கிறது, பிடித்தால் கை வழுக்குகிறது, எனக்குத்தான் வியர்க்கிறது. கடவுள் ஆணையாக நான் சொல்வதெல்லாம் உண்மை. உமாபதி தாளைக் காட்டுகிறார், கையெழுத்து உங்களுடையதுதானே, என்னுடையதுதான், இதில் உள்ளதெல்லாம் உண்மைதானே. செல்லக்கனி கடைசி வரிசைக்கு வந்து நிற்கிறாள், நிற்கிறவள் கை தெரிகிறது. “ஏழாவது பத்தி தவிர” என்று ஒரு குரல் சொல்கிறது, என் குரல்தான், வகுப்பறைக் குரல். உமாபதியின் முகத்தைப் பார்க்கவில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் பாதி எழுந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு, இந்தச் சாட்சியிடம் குறுக்கு விசாரணை ஒன்றும் இல்லை என்று உட்கார்ந்துவிட்டார். நீதிபதியம்மா கண்ணாடியைக் கழற்றினார். “பேராசிரியர், யோசிச்சுத்தான் சொல்றீங்களா?” பதினோரு வருஷமா யோசிச்சேன் அம்மா. “அப்படின்னா உங்களை நிபுணர்னு நான் எப்படி எடுத்துக்கிறது?” எடுத்துக்க வேண்டாம் அம்மா, பார்த்தவன்னு எடுத்துக்குங்க, பார்த்துட்டுச் சாப்பிடப் போனவன்னு எடுத்துக்குங்க. சொல்ல ஆரம்பித்ததும் நிற்கவில்லை, கிளிப், பதினேழு பக்கம், மூன்று தடவை அழுத்திய விரல், எண் பதினான்கு, நான் எழுதிய ஒரு வரி. இந்த வழக்கில் தாக்கலான படிவத்தையும் பாருங்கள் அம்மா என்றேன், படித்துக் காட்டிய தாள் எப்படி இருக்கும், படித்துக் காட்டாத தாள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், அது எனக்குப் புத்தகத்திலிருந்து தெரிந்ததில்லை. அம்மா கட்டிலிருந்து அந்தப் படிவத்தை எடுத்தார். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார், பதினேழும் வெள்ளையாக விறைத்துக்கொண்டு திரும்பின, பதினெட்டில் மட்டும் குறுக்கே ஒரு மடிப்பு, ஓரமெல்லாம் மை. தட்டச்சுக்காரருக்குச் சொல்லிக்கொண்டே போனார், நான் சொன்னது எனக்கே வேறு யாரோ சொன்னதாகக் கேட்டது. எவ்வளவு மதிப்பு என்று தீர்ப்பில் பார்ப்போம், நீங்கள் இறங்கலாம் என்றார்.

வெளியே உமாபதி என்னைக் கடந்து போனார், கறுப்புக் கோட்டைக் கழற்றிக்கொண்டே, “ஒரு வார்த்தை முன்னாடி சொல்லியிருக்கலாம்ல சார்,” என்று மட்டும் சொன்னார். கோபப்பட அவருக்கு எல்லா உரிமையும் உண்டு. செல்லக்கனி பெஞ்சில் இல்லை, படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தாள், அவளிடம் போய்ப் பேசியே ஆக வேண்டும். உன் கேஸைக் கெடுத்துட்டேனோ என்னவோ தெரியலம்மா என்றேன். அவள் அதைக் காதில் வாங்கினதாகவே தெரியவில்லை. “சார், ஒண்ணு கேக்கேன். அந்தப் பொம்பள படுத்துக்கிட்டா கைநாட்டு வச்சா?” இல்லம்மா, நின்னுக்கிட்டுத்தான். “கட்டிலுக்கு இந்தப் பக்கமா?” ஆமா, திரைக்கு வெளியே. “சாகக் கிடக்கவ எந்திரிச்சு வந்து நின்னு கைநாட்டு வைப்பாளா சார்? உள்ளன கிடந்தது வேற ஆளுல்லா. இவ கூட வந்தவ. அக்காவோ தங்கச்சியோ, என்னைய மாதிரி.” எனக்கு உடனே புரியவில்லை. ஈரத்தலை, கோடாலி முடிச்சு, குளித்துவிட்டு வந்திருக்கிறாள், துணைக்கு நிற்கிறவள், இதைப் பதினோரு வருஷமாக நான் பார்க்கவில்லை, செத்தவளாகவே அவளைக் கூட்டிக்கொண்டு திரிந்திருக்கிறேன். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். செல்லக்கனி தன் துணிப்பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள்.

“அவ சாகல சார். இருக்கா. அவ வீட்டு ஆளுக இன்னைக்கும் அவளத்தான் குத்தம் சொல்லிக்கிட்டு இருப்பாவ. போயி அவகிட்டச் சொல்லுங்க.”